மிஷன் பாஸ்டு! பரிசு 1119092736 டாலர்

தன் மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத கம்ப்யூட்டர் ஒன்று 1948-இல் மான்செஸ்டரில் இருந்தது. செல்லப் பெயர் பேபி. மொத்த ஞாபகசக்தி 32 வரி, வரிக்கு 32 புள்ளி. அந்த ஞாபகம் குடியிருந்தது ஒரு பிக்சர் டியூபின் முகத்தில். அசல் டியூபை உலோகத் தகடு மறைத்திருந்ததால், அதே புள்ளிகளைக் காட்டும் இன்னொரு டியூபைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எந்த வேரியபிளில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தால் போதும். மெனு கிடையாது, கமாண்ட் கிடையாது, யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டியது கிடையாது.

ஜூன் 21-ஆம் தேதி டாம் கில்பர்ன் எழுதிய முதல் புரோகிராம் ஓடியது. 2-இன் 18-ஆம் அடுக்கை, அதாவது 262144-ஐ, மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் மிகப் பெரியது எது என்று கேள்வி. அந்த எண்ணையே பதிலாகச் சொல்லக் கூடாது. பாதியாக்கு என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். பேபிக்குத் தெரிந்த ஒரே கணக்கு கழித்தல். ஒவ்வொரு எண்ணாகக் கழித்துக் கழித்து 52 நிமிஷத்தில் 131072 என்று கண்டுபிடித்து, டியூபில் புள்ளிகளாக நின்றது. அதையும் ஒன்றாம் இடம் இடது பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக் காட்டியது. உலகத்தின் முதல் 'வேரியபிள் வாட்ச்' அதுதான். கண்ணைத் தவிர வேறெந்த உபகரணமும் தேவைப்படவில்லை.

இவ்வளவு சுலபமாக இருந்தால் அறிவாளிகளுக்குப் பொறுக்குமா? ஆலன் டூரிங் மான்செஸ்டருக்கு வந்து சேர்ந்தார். அடுத்து வந்த ஃபெராண்டி இயந்திரத்துக்குக் கையேடு எழுதினார். பிட்களை ஐந்து ஐந்தாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு டெலிபிரிண்டர் எழுத்து; அதையும் பின்பக்கமிருந்து படிக்க வேண்டும். எல்லோரும் மனதுக்குள்ளேயே 32 அடிமானத்தில் கணக்குப் போடுவார்கள் என்று அவர் நிஜமாகவே நம்பினார். அந்த முறையில் சைபருக்குக் குறி '/'. காலி இடமெல்லாம் சாய்கோடாக அச்சாகும். மான்செஸ்டர் ஜன்னலில் அடிக்கிற மழைதான் அப்படித் தாளில் விழுகிறது என்று ஊரில் கேலி பேசினார்கள்.

கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் 1949-இல் ஓட ஆரம்பித்தது. ஆரம்பித்த சூட்டோடு அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸுக்கு மாடிப்படியில் ஞானோதயம். மீதி வாழ்க்கையில் பெரும்பகுதி தன் புரோகிராமிலுள்ள தப்பைத் தானே தேடுவதில்தான் கழியப்போகிறது என்று படியேறும்போது உறைத்ததாக அவரே பின்னால் எழுதினார். செத்த புரோகிராமின் நினைவகத்தை அச்சடித்துப் பார்க்க அங்கே ஒரு ரொட்டீனும் எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் போஸ்ட்மார்ட்டம். வேறு எந்தத் தொழிலில் இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் வைப்பார்கள்?

அங்கேதான் 1952-இல் சாண்டி டக்ளஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு விஷமம் செய்தார். எட்சாக்கின் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க 35-க்கு 16 புள்ளியில் ஒரு டியூப் இருந்தது. அந்த நினைவகத்தில் வேண்டிய இடத்தில் வேண்டிய புள்ளியை எழுதினால் டியூபில் படம் தெரியும் அல்லவா? வட்டமும் பெருக்கலுமாக ஒரு கட்டம் வரைந்தார். டெலிபோன் டயலைச் சுற்றி எந்தக் கட்டம் என்று சொன்னால் இயந்திரம் எதிர் ஆட்டம் ஆடும். திரையில் படம் காட்டிய முதல் விளையாட்டுகளில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. டீபக் பண்ண, அதாவது தப்பைத் தேடிப் பிடிக்க, வைத்திருந்த வீட்டில் விளையாட்டு சும்மா ஒண்டிக்கொள்ள வந்தது என்பதை இந்த இடத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒண்டவந்தவர் பிடாரி ஆகி, வீட்டுக்காரரைத் திண்ணைக்குத் தள்ளியதுதான் மீதிக் கதை.

நடுவில் ஒரு முப்பது வருஷத்தை அப்படியே தாண்டிவிடலாம். நிறையத் தாள் அச்சானது என்பதைத் தவிர நமக்கு அதில் வேலையில்லை. 1979-இல் பெல் லேப்ஸின் பிரையன் கெர்னிகன், யூனிக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எழுதியபோது ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்தார். தப்பைப் பிடிக்க எத்தனை கருவி இருந்தாலும், நிதானமாக யோசித்துச் சரியான இடத்தில் பிரிண்ட் போட்டுப் பார்ப்பதுதான் இன்னும் சிறந்த வழி என்றார். இன்றைக்கும் டீபக்கரை வாங்கி வைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் பிரிண்ட் போடுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் தப்பிக்கிறார்கள்.

இனி மாட் எழுதுகிறவர், அதாவது அடுத்தவர் விளையாட்டைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறவர், நிலைமைக்கு வருவோம். விளையாட்டு அவருடையதில்லை. என்ஜின் பூட்டிக் கிடக்கிறது. அவர் கையில் இருப்பது ஒரு குட்டி ஸ்கிரிப்ட் மொழி. 'உயிர் 20-க்குக் கீழே போனால் நாய் வந்து காப்பாற்றட்டும்' என்று எழுதுகிறார். விளையாடிப் பார்க்கிறார். உயிர் போகிறது, நாய் வரவில்லை. ஸ்கிரிப்ட் ஓடவே இல்லையா? உயிர் என்று அவர் நினைத்த வேரியபிள் வேறு ஏதாவதா? நாய் வந்து சுவருக்குள் மாட்டிக்கொண்டதா? கம்பெனிக்காரர் என்றால் புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே புகுந்து பார்ப்பார். இவருக்கு அந்த வசதி இல்லை. அந்த எண் திரையில் ஒரு தடவை தலைகாட்டினால் போதும். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் இத்தனை பாடு.

டூம் என்ற விளையாட்டு 1993 டிசம்பரில் வந்தது. படம், சத்தம், மேப் எல்லாம் 'வேட்' என்ற தனிக் கோப்பில். யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும் என்று அதன் புரோகிராமர் ஜான் கார்மாக் கதவைத் திறந்தே விட்டார். ஊர் பூரா மேப் வரைய உட்கார்ந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய ஒரு வழியும் இருந்தது. ஆட்டத்தின் நடுவே ஐ-டி-எம்-ஒய்-பி-ஓ-எஸ் என்று ஏழு எழுத்தைத் தட்ட வேண்டும். மேல் இடது மூலையில் சிவப்புப் பொடி எழுத்தில் பதில் வரும். முதல் மேப்பில், ஆரம்பித்த இடத்தை விட்டு இம்மிகூட நகராமல் தட்டினால் வருவது இது: ஆங்கிள் 40000000, எக்ஸ் 4200000, ஒய் எஃப்1இ00000.

பயப்பட வேண்டாம், மொழிபெயர்க்கலாம். எல்லாம் 16 அடிமானம். எக்ஸில் கடைசி நான்கு இலக்கம் பின்னம். வெட்டி எறிந்தால் மிச்சம் 420. அதைப் பத்தடிமானத்துக்குக் கொண்டுவந்தால் 1056. ஒய்யில் எஃப்1இ0 மிஞ்சும். எஃப்-இல் ஆரம்பித்தால் எதிர்மறை. 65536-இலிருந்து கழித்தால் மைனஸ் 3616. ஆங்கிள் முழு வட்டத்தில் கால் பங்கு, அதாவது வடக்கு. 'வடக்கே பார்த்து நிற்கிறாய்' என்று சொல்ல இத்தனை சுற்று. நான்கு செகண்டில் எழுத்து அழிந்துவிடும், மறுபடி ஏழு எழுத்து தட்ட வேண்டும். நீங்கள் பேப்பர் பேனாவோடு எஃப்-ஐக் கழித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் நிற்கிற பிசாசு நெருப்பு உருண்டையை எறிந்துகொண்டே இருக்கும். மான்செஸ்டரிலாவது மழைதான் அடித்தது.

அந்த என்ஜினையே வாங்கி 1995-இல் ரேவன் கம்பெனி ஹெக்ஸனைப் போட்டது. மேப்புக்கென்று ஒரு ஸ்கிரிப்ட் மொழியும், அதில் பிரிண்ட் என்ற கட்டளையும் வந்தன. சரம், அதாவது எழுத்துத் தொடர், என்றால் முன்னால் ஒரு 'எஸ்', எண் என்றால் ஒரு 'டி'. ஆஹா என்று கதவின் வேகத்துக்கு 1.0 கொடுத்து, அதைத் திரையில் காட்டச் சொன்னவருக்கு 65536 என்று வந்தது. முழு எண்ணாக மட்டும்தான் காட்டத் தெரியும். பின்னத்துக்கான இடத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்துவிடும். அரை என்றால் 32768. பொய் என்று சொல்ல முடியாது. உண்மையை இப்படியும் சொல்லலாம் என்று காட்டியது.

1996 ஜூனில் குவேக். இது வேறு ஜாதி. விளையாட்டின் விதிகளே குவேக்-சி என்ற மொழியில் எழுதப்பட்டு, அந்த மூலமும் கம்பைலரும் ஜனங்களுக்கே கொடுக்கப்பட்டன. கார்மாக் வள்ளல்தான், சந்தேகமில்லை. ஆனால் வள்ளல்கள் கையைக் கொடுத்துவிட்டு விரலை வைத்துக்கொள்வார்கள்.

குவேக்-சியில் எண் என்றால் எல்லாம் தசம எண். திரையில் காட்ட அதை எழுத்தாக மாற்ற வேண்டும். அதற்கு எஃப்-டு-எஸ் என்று ஒரு ஃபங்ஷன். இரண்டு சரத்தை ஒட்ட வழியே கிடையாது. 'உயிர் 47, கவசம் 12' என்று காட்ட, 'உயிர்' என்பதற்கு ஒரு பிரிண்ட், 47-க்கு ஒரு பிரிண்ட், 'கவசம்' என்பதற்கு ஒன்று, 12-க்கு ஒன்று. சரி, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக எழுதலாம் என்று ஒருவர் நினைக்கிறார். முதலில் உயிரை எழுத்தாக்கி ஒரு வேரியபிளில் வைக்கிறார். கவசத்தை எழுத்தாக்கி இன்னொன்றில் வைக்கிறார். பிறகு இரண்டையும் பிரிண்ட் செய்கிறார். உயிர் 12, கவசம் 12.

இன்னொரு அடி வாங்கிப் பார்க்கிறார். உயிர் 9, கவசம் 9. சுடுகிற பகுதியை மாற்றுகிறார், கவசக் கணக்கை மாற்றுகிறார், ராத்திரித் தூக்கத்தை மாற்றுகிறார். கவசமும் உயிரும் கட்டிக்கொண்டு ஒன்றாகவே சாகின்றன. என்ஜினுக்குள் நடந்தது இதுதான்: எழுத்தாக்கிய எண்ணை எழுதி வைக்க உலகத்துக்கே ஒரே ஒரு இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டாவது எண் வந்ததும் முதலாவதன் மேலேயே எழுதிவிடும். இரண்டு வேரியபிளும் அந்த ஒரே இடத்தைத்தான் காட்டிக்கொண்டு நிற்கும். தப்பைக் கண்டுபிடிக்கப் போட்ட பிரிண்டில்தான் தப்பு. புரோகிராம் பாவம், முதலிலிருந்தே ஒழுங்காக இருந்தது.

இதிலேயே இன்னொரு நுட்பம். எஃப்-டு-எஸ் முழு எண்ணை முழு எண்ணாகக் காட்டும். பின்னம் இருந்தால் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு இலக்கம்தான் காட்டும். 0.04 திரையில் 0.0 என்று வரும். புதியவர் 'சைபர்தானே' என்று போய்விடுவார். அனுபவசாலி நிமிர்ந்து உட்காருவார். நிஜ சைபராக இருந்தால் புள்ளி இல்லாமல் வெறும் 0 என்று வந்திருக்க வேண்டும். 0.0 என்று வந்தால் அது சைபர் இல்லை என்று அர்த்தம். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அப்போது யாராவது பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

குவேக்கில் கன்சோல் என்ற கட்டளைத் திரைக்குப் போன செய்தி ஆட்டத்தின் நடுவே மேலே நான்கு வரியாக வரும், மூன்று செகண்ட் நிற்கும். இந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில் ராபின் வாக்கர் கோஷ்டி அதே வருஷம் டீம் ஃபோர்ட்ரஸ் மாட்டை எழுதியது. பின்னால் வால்வ் கம்பெனி அவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதற்கு மேல் என்ன இன்டர்வியூ வேண்டும்?

2002 ஒரு முக்கியமான வருஷம். மூன்று கம்பெனிகள் மூன்று விதமாகப் படுத்தின.

பிளிஸார்டின் வார்கிராஃப்ட் 3-இல் மேப் எழுதுகிற மொழி ஜாஸ். அதில் ஒரு வேரியபிளுக்கு மதிப்பே கொடுக்காமல் படித்தால் அந்த ஸ்கிரிப்ட் அங்கேயே உயிரை விடும். எரர் கிடையாது, சத்தம் கிடையாது. அதனால் மேப் எழுதியவர்கள் வரிக்கு வரி '1', '2', '3' என்று செய்தி போட்டுவிட்டு எந்த எண்ணோடு நிற்கிறது என்று பார்ப்பார்கள். 4 வரவில்லை என்றால் கொலை நடந்தது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். டீபக் செய்தி காட்டவென்றே ஒரு ஃபங்ஷன் கம்பெனியே கொடுத்திருந்தது. அது செய்தியை ஆட்டத்திலிருக்கும் எல்லோருக்கும் காட்டும், முழுசாக 60 செகண்ட். நீக்க மறந்துபோய் மேப்பை வெளியிட்டால், எதிரிக் கோட்டையைத் தாக்கப் போன அத்தனை பேர் திரையிலும் 'இங்கே வந்தாச்சு' என்று ஒரு நிமிஷம் நிற்கும். டோட்டா மாதிரி ஒரு மாட் இந்த மண்ணில்தான் முளைத்தது.

பெதெஸ்டாவின் மாரோவிண்டில் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு தடவை ஓடும். மெஸேஜ்பாக்ஸ் என்று ஒரு கட்டளை போட்டால் வேரியபிளைக் காட்டும். செகண்டுக்கு முப்பது தடவை காட்டும். நிறுத்து என்றாலும் காட்டும். நிறுத்த வேண்டுமானால் 'டூ-ஒன்ஸ்' என்று இன்னொரு வேரியபிள் வைத்து, ஒரு தடவை காட்டியதும் அதை 1 ஆக்கி, 1 ஆனால் காட்டாதே என்று எழுத வேண்டும். ஒரு வேரியபிளைப் பார்க்க இன்னொரு வேரியபிள். அதில் தப்பு வந்தால் அதைப் பார்க்க மூன்றாவது. சங்கராபரண ராகம் மாதிரி விஸ்தாரமாகப் போகும்.

மூன்றாவது, ஜிடிஏ வைஸ் சிட்டி. இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இதில் எழுத்தை எழுத்தாகவே காட்ட முடியாது. திரையில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் ஜிஎக்ஸ்டி என்ற கோப்பில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும்; ஸ்கிரிப்ட் அதன் ஏழெழுத்துக்குள் அடங்கிய பெயரை மட்டும்தான் சொல்லும். நீங்கள் சொல்ல நினைப்பது கம்பெனிக்காரர் ஏற்கெனவே எழுதி வைத்த வாக்கியமாக இருந்தால் பிரச்சினையில்லை. வேரியபிளின் மதிப்பு என்ன என்று ராக்ஸ்டாரில் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் சில வாக்கியங்களின் நடுவே ~1~ என்று ஒரு ஓட்டை இருந்தது. அதில் எந்த எண்ணையும் செருகலாம். அப்படி ஓட்டை உள்ள வாக்கியங்களில் எல்லோருக்கும் மனப்பாடமானது, மிஷன் முடிந்ததும் நடுத்திரையில் பிரமாண்டமாக வருவது: மிஷன் பாஸ்டு, இத்தனை டாலர். செருகடா அதில் நம் வேரியபிளை! மாட் எழுதியவர் காரைத் திருப்பினார், ஸ்கிரிப்ட் ஓடியது, திரை நடுவில் கொட்டை எழுத்தில் அறிவிப்பு: மிஷன் பாஸ்டு! மைனஸ் 7 டாலர். ஆக, வேரியபிள் மைனஸ் 7. பிரமாதம். இன்னொரு தெருவில் திருப்பினார், மிஷன் பாஸ்டு! 12 டாலர். ஊரிலேயே அதிக மிஷன் முடித்த ஆள் இவர்தான், கையில் ஒரு பைசா ஏறவில்லை. எழுத்து வேறு, பணம் சேர்க்கிற கட்டளை வேறு.

பிறகு அவர் கார் பார்க்கும் திசையைக் காட்டச் சொன்னார். அது தசம எண். 90 டிகிரி. திரை சொன்னது: மிஷன் பாஸ்டு! 1119092736 டாலர்.

நூறு கோடிக்கு மேல். ஹேங்கானதால் இல்லை, வைரஸால் இல்லை. 90.0 என்ற தசம எண்ணை 32 பிட்டில் எழுதும் முறை ஒன்று உண்டு. அந்த பிட்களை அப்படியே முழு எண்ணாகப் படித்தால் வருவது துல்லியமாக 1119092736-தான். ஓட்டைக்கு முழு எண்தான் தெரியும், உள்ளே வந்தது யார் என்று அது விசாரிக்காது. இந்த வியாதிக்கு மருந்து: ஆயிரத்தால் பெருக்கு, முழு எண்ணாக மாற்று, காட்டு, மனதுக்குள் ஆயிரத்தால் வகு. அனுபவம் முற்றியவர்கள் 1065353216 என்று பார்த்த மாத்திரத்தில் '1.0' என்று சொல்லிவிடுவார்கள். டூரிங் கனவு கண்ட மனிதர்கள் ஒருவழியாகப் பிறந்துவிட்டார்கள், வைஸ் சிட்டியில் கார் திருடிக்கொண்டு. சான் ஆண்ட்ரியாஸுக்கு ரசிகர்களே கிளியோ என்ற துணைக் கோப்பை எழுதி, வேண்டிய வாக்கியத்தை வேண்டியபடி காட்டும் கட்டளைகளைச் சேர்த்த பிறகுதான் இந்த மனக்கணக்குக்கு ஓய்வு கிடைத்தது. கம்பெனி செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

2011 நவம்பரில் ஸ்கைரிம். பாப்பிரஸ் என்ற புது மொழி. சரத்தோடு எண்ணைக் கூட்டல் குறி போட்டு ஒட்டலாம். டீபக் நோட்டிஃபிகேஷன் என்று ஒரே வரி. இடது மேல் மூலையில் தமிழ் சினிமா டைட்டில் போல் மங்கி மறையும். குவேக் காலத்து ஆள் இதைப் பார்த்தால் அழுதிருப்பார். லாக் கோப்பும் உண்டு, ஆனால் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது அணைந்திருக்கும். ஐஎன்ஐ கோப்பில் தேடிப்போய் ஆன் செய்ய வேண்டும். அதோடு, ஒரு ஃபிரேமில் எல்லா ஸ்கிரிப்ட்டுகளும் சேர்ந்து ஓட இயல்பாக ஒதுக்கியிருந்த நேரம் 1.2 மில்லிசெகண்ட். மாட்களை மூட்டை மூட்டையாக ஏற்றியவரிடம் ஸ்கிரிப்ட்டுகள் வரிசையில் காத்துக் கிடக்கும். டிராகன் செத்து, எலும்பாகி, நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்து, சாராயக்கடையில் உட்கார்ந்த பிறகு 'டிராகன் உயிர்: 340' என்று மூலையில் வரும்.

மைன்கிராஃப்டில் எஃப்3 தட்டினால் இருக்கும் இடம் பளிச்சென்று பத்தடிமானத்தில் தெரிகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வீடு கட்டுகிறார்கள். 2013-இல் ஸ்கோர்போர்டு என்று ஒன்று சேர்த்தார்கள். யார் எத்தனை பாயிண்ட் என்று காட்ட வந்த பலகை. மேப் எழுதுகிறவர்கள் அதை அடுத்த நிமிஷமே கைப்பற்றி, இல்லாத ஆட்களின் பெயரைப் பதிவு செய்து, அந்தப் போலி ஆட்களின் பாயிண்ட்டையே வேரியபிளாக ஓட்ட ஆரம்பித்தார்கள். திரையின் வலது பக்கம் பலகையை மாட்டிவிட்டால் எல்லா வேரியபிளும் சிவப்பு எண்களோடு ஆட்டம் முழுக்கத் தெரியும்; மாறும்போதே மாறும். மறைக்க வேண்டுமானால்தான் பெயருக்கு முன்னால் # போட வேண்டும். முழு எண் மட்டும்தான், அதனால் ஆயிரத்தால் பெருக்குகிற வழக்கம் இங்கேயும் உயிரோடு இருக்கிறது. பலகையில் 15 பேருக்குத்தான் இடம். பாயிண்ட் குறைந்தவர்கள் கீழே விழுந்துவிடுவார்கள். ஏதோ தப்பு நடந்து திடீரென்று 0 ஆகிப்போன வேரியபிள் எதுவோ, அதுதான் முதலில் விழும்.